பேட்டரி மாற்றி, டைனமோ மாற்றி, கடைசியில் கோளாறு எர்த் ஒயரில் இருந்தது

2024 ஜூனில் ஒரு பழைய கார் வாங்கினேன். 2013 மாடல் பெட்ரோல் செடான், 71,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 3,60,000 ரூபாய். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். திருச்சி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்கு 72 வயது. கண் சிகிச்சைக்காக மாதம் ஒரு தடவையாவது மதுரைக்குப் போய் வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு அலைய முடியவில்லை என்பதால்தான் கார். வாங்குவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தேன். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் இன்ஜின் சத்தம் கேட்கச் சொன்னேன். டயரைப் பார்த்தோம். அடிபட்ட வண்டியா என்று டிக்கி கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தோம். எலக்ட்ரிக்கல் என்று வந்தபோது மட்டும் ஹெட்லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, ஏசி குளிர்கிறதா, நாலு கண்ணாடியும் ஏறி இறங்குகிறதா என்பதோடு முடித்துவிட்டோம். அங்கேதான் தவறு நடந்தது. அடுத்த ஆறு மாதத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. பணத்தை விடுங்கள், ஒரு ராத்திரி மழையில் அப்பாவை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நின்றதை நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பல தடவை நினைத்ததால் இதை எழுதுகிறேன்.

வாங்கிய அன்றைக்கே வண்டி எனக்கு மூன்று விஷயங்களைக் காட்டியது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. டாஷ்போர்டு பெட்டியில் ஒரு பத்து நம்பர் ஸ்பேனர் கிடந்தது. டிக்கியில் ஒரு ஜம்பர் கேபிள் (இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து வண்டியைக் கிளப்புகிற கேபிள்) சுருட்டி வைத்திருந்தது. விற்றவர் பொறுப்பான மனிதர், அவசரத்துக்கு எல்லாம் வைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பில் இருந்த நட்டு மூலையெல்லாம் தேய்ந்து பளபளவென்று இருந்ததையும் பார்த்தேன். பாசிட்டிவ் பக்கத்து நட்டு துருப்பிடித்துப் பழசாகத்தான் இருந்தது. இப்போது அதன் அர்த்தம் தெரியும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் யாரோ அந்த நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிற வண்டிக்குத்தான் அந்த வேலை தேவைப்படும். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பானெட்டைத் திறந்ததும் அந்த இரண்டு நட்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் கோயம்புத்தூர் போய் நாலு நாள் கழித்து வந்தோம். மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பிச் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உள்ளே இருந்த விளக்கு மங்கி மங்கி எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எதிரே கொண்டுவந்து நிறுத்தி, அதே ஜம்பர் கேபிளைப் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். நேராகப் பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைப்பையன் ஒரு கருவியைப் பேட்டரியில் மாட்டினான், "மாற்றவும்" என்று வந்தது. "பேட்டரி டெட் ஆயிருச்சு அக்கா" என்றான். டைனமோ, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டர், சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிக் காட்டி, "பாருங்க, வண்டி நிக்கல, டைனமோ சூப்பர்" என்றான். பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு புதியதற்கு 5,400 ரூபாய் வாங்கினார்கள்.

இங்கே இரண்டு விஷயம். முழுதாக இறங்கிப்போன பேட்டரியை அந்த நிலையிலேயே சோதித்தால் பெரும்பாலும் கெட்டது என்றுதான் காட்டும். ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு, முழுதாக ஏறிய பிறகு சோதித்தால்தான் உண்மை தெரியும். பல பேட்டரிக் கடைகளில் சார்ஜ் போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு ஆகும் செலவு புதிய பேட்டரியின் பக்கத்தில் கூட வராது. இரண்டாவது, இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். அந்தக் கால வண்டிகளில் அப்படிச் சோதித்துப் பழகியவர்கள் இன்னும் அதைச் செய்கிறார்கள். இப்போதைய கார்களில் இன்ஜினுக்கு, ஏர்பேக்குக்கு, ஸ்டீயரிங்குக்கு என்று தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. பேட்டரி திடீரென்று விலகும்போது டைனமோவின் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறும். அதில் ஒரு பெட்டி போனாலும் பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு செலவு. என் வண்டி அன்று தப்பியது.

ஜம்பர் போடுகிற வரிசையையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான வீடுகளில் இது தெரியாது. சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் கடைசி முனையை இறங்கிய பேட்டரியின் மைனஸில் போடாமல், அந்த வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கவ்வ வைக்க வேண்டும். கடைசி முனையில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும் என்பதால் பொறி அதன் பக்கத்தில் வரக் கூடாது. கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

புதிய பேட்டரி போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் காலை நேரத்தில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தது. இண்டிகேட்டர் போட்டால் டாஷ்போர்டு மீட்டர் விளக்கும் சேர்ந்து துடித்தது. வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கிருந்த மெக்கானிக் மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கிற கருவி) வைத்துப் பார்த்தார், நல்ல விஷயம்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.1 வோல்ட்தான் காட்டியது. ஏசியும் ஹெட்லைட்டும் போட்டால் 12.7. "டைனமோ வீக். ரீகண்டிஷன் போட்டுக்கலாம்" என்றார். அந்த எண் குறைவு என்பது உண்மை. பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். டைனமோவுக்கு 11,500, கூலி 1,500 ஆக 13,000 ரூபாய். கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மெக்கானிக் என்னிடம் பேசாமல், கூட வந்திருந்த என் சித்தி மகனிடமே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். அவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன், வண்டி ஓட்டவே தெரியாது. பணம் கொடுப்பது நான். அன்று எனக்கு வந்த கோபத்தில், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். மாற்றிய பிறகு பேட்டரியில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதே 13.1 தான் காட்டியிருக்கும். பழைய டைனமோவைக் கேட்டு வாங்கவும் தோன்றவில்லை. கம்பெனியில் பொருத்தி வந்த நல்ல டைனமோ அங்கேயே போய்விட்டது.

அடுத்த ஐந்தாறு வாரம் வண்டி ஓடியது. வேலை முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

நவம்பரில் மதுரையில் அப்பாவுக்கு அறுவைசிகிச்சை முடிந்து செக்கப். சாயந்திரம் ஐந்தரைக்குக் கிளம்பினோம். மேலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர், ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. துவரங்குறிச்சி நெருங்கும்போது முதலில் பிளேயர் அணைந்து அணைந்து வந்தது. அப்புறம் வைப்பர் மெதுவாகிவிட்டது, கண்ணாடியில் பாதி வரை போய் யோசித்துத் திரும்புவது போல. மீட்டரில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. பின்னாலேயே ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. முன்னால் ரோட்டில் என் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகி, சிமினி விளக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பின்னால் லாரிகள். எப்படி இடது ஓரத்துக்கு இழுத்தேன் என்று நினைவில்லை. ஓரம் சேர்ந்ததும் இன்ஜின் நின்றுவிட்டது. எமர்ஜென்ஸி விளக்கைப் போட்டால் அது கண் சிமிட்டக்கூட பலமில்லாமல் இருந்தது. அப்பா ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பயப்படாதம்மா" என்று மட்டும் சொன்னார். எட்டு மணிக்கு அவருக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். போன் வெளிச்சத்தில், ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கார் ஆட, அந்த மருந்தை விட்டேன். கை நடுங்கி மூன்று சொட்டு கன்னத்தில் விழுந்தது.

1033-க்கு அழைத்தேன். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் அது. எல்லாரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்து, பின்னால் கூம்பு வைத்துப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. டோவிங் வண்டிக்குத் திருச்சி வரை 4,000 ரூபாய். வீடு சேரும்போது பதினொன்றரை. கணவரிடம் போனில் சொன்னபோது "வித்துடு" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இந்தக் கோளாறோடு இன்னொருவர் தலையில் கட்டினால், அடுத்து அந்த ரோட்டில் நிற்பது வேறொரு வீட்டு அப்பாவும் மகளுமாக இருக்கும்.

அந்தச் சூழலில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால், வண்டியில் மிச்சம் இருக்கிற மின்சாரம் மட்டுமே உங்கள் கையிருப்பு. உடனே ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர், பிளேயர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஹெட்லைட்டையும் வைப்பரையும் மட்டும் விட்டு வைத்து, இன்ஜினை அணைக்காமல், வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய் நிறுத்த வேண்டும். நான் பயத்தில் கண்ணாடி பனி மூடுகிறதே என்று ஏசி காற்றை இன்னும் கூட்டினேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் டைனமோ பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுற்றும். பெல்ட் அறுந்துதான் விளக்கு எரிகிறது என்றால் இன்ஜின் சூடேறிவிடும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆபீஸில் ஒருவர் சொல்லி, திருச்சியில் பால்பண்ணை என்கிற பகுதியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும். சின்னக் கடை. போனதும் "என்னென்ன மாத்துனீங்க?" என்று கேட்டார், சொன்னேன். "மாத்துறதுக்கு முன்னாடி யாராச்சும் அளந்தாங்களாம்மா?" என்றார். பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டார். மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்னால் உள்ள தடித்த ஒயர் போல்ட்டிலும், கறுப்பு முனையை டைனமோ உடம்பிலும் வைத்தார். 14.3 வோல்ட். அப்புறம் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். 12.9. "டைனமோ குடுக்குது, பேட்டரிக்கு வந்து சேரல. நடுவுல யாரு சாப்பிடுறாங்கன்னு பார்ப்போம்" என்றார். டைனமோவிலிருந்து பேட்டரி பிளஸ் வரை வைத்துப் பார்த்தால் 0.1 வோல்ட், அது சரி. மைனஸிலிருந்து இன்ஜின் இரும்புக்கு வைத்தார். 1.3 வோல்ட். அங்கே 0.2-க்கு மேல் வரக் கூடாதாம். பேட்டரித் தட்டைக் கழற்றி எடுத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகிற பின்னல் எர்த் ஒயர், போல்ட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. விரலால் லேசாக இழுத்தார். செம்பு இழைகள் காய்ந்த வாழைநார் மாதிரி பொடுக் பொடுக்கென்று விட்டு வந்தன. ஏழெட்டு இழைதான் மிச்சம். பேட்டரி ஆசிட் பல வருஷமாக அதன் மேல் சொட்டியிருக்கிறது என்றார்.

பிளஸ் ஒயர் வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அவ்வளவும் எர்த் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டிருந்தால் டைனமோ புதிதாக இருந்தும் பயனில்லை. பேட்டரி ஒருநாளும் முழுதாக ஏறாது. அதனால்தான் மழை ராத்திரியில், எல்லாம் சேர்ந்து ஓடியபோது பேட்டரியே வண்டியைச் சுமந்து கடைசியில் கைவிட்டது. வோல்ட்டேஜ் இறங்க இறங்க ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குக் கோளாறு என்று விளக்கைப் போட்டது. சம்பந்தமே இல்லாத நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தால் நாலைந்து சாமான் ஒரே நாளில் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் பேட்டரி டெர்மினல், எர்த், வோல்ட்டேஜ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய எர்த் ஒயர் 450 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு தெரியும் வரை தேய்த்து, மாட்டி, மேலே வாஸ்லின் தடவினார். பேட்டரியில் 14.2 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நாலு நாள் நிறுத்தினால் ஏன் இறங்கியது என்பதற்கு இது விடை இல்லை. நிற்கிற வண்டியில் எர்த் என்ன செய்யப்போகிறது? அடுத்து அதைத் தேடினார். இது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை, பொறுமைதான் வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை வண்டியை விட்டுத் தள்ளி வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்க வேண்டும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இணைத்ததும் முதலில் பெரிய எண் காட்டும். பயப்பட வேண்டாம், உள்ளே உள்ள கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கின்றன. அரை மணி நேரம் யாரும் கதவைத் தொடாமல் விட்டால் அவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். அதற்குப் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் நல்ல வண்டி. என் வண்டி 0.41-ல் நின்றது. என் பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-ஹவர் (Ah). 0.41 ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-ஹவர் போய்விடும். நாலு நாளில் 40. கோயம்புத்தூர் கல்யாணக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தியது.

எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். பதினோராவது ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.41 சட்டென்று 0.03 ஆனது. வாங்கும்போதே வண்டியில் இருந்த, நான் ஆசைப்பட்ட அந்தப் பெரிய திரை ஆண்ட்ராய்டு பிளேயரும் ரிவர்ஸ் கேமராவும்தான். அதைப் பொருத்தியவர், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய ஒயரை, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டிருக்கிறார். திரை அணைந்திருந்தாலும் உள்ளே பிளேயர் தூங்கவே இல்லை. அதே ஃபியூஸ் இடத்தில் 10 ஆம்பியர் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் பச்சை செருகியிருந்தது. அடிக்கடி போகிறதே என்று யாரோ பெரியதைப் போட்டிருக்கிறார்கள். இது தீப்பிடிக்கிற விஷயம். ஒயர் தாங்குவதற்கு மேல் மின்சாரம் போனால் ஃபியூஸ் எரிவதற்குப் பதிலாக ஒயர் எரியும். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பார்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பழைய கார் வாங்கியதும் பத்து நிமிடம் உட்கார்ந்து மூடியையும் உள்ளே இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிளேயர் ஒயரைப் பிரித்து, சால்டர் வைத்து, சரியான இடத்தில் கொடுத்ததற்கு 700 ரூபாய் வாங்கினார்.

டிசம்பர் மழையில் இன்னொன்று வந்தது. நிறுத்தி வைத்த வண்டியின் கதவுகள் தானாக லாக் ஆகித் திறந்தன, வைப்பர் ஒருமுறை தானாக ஓடியது. விடுமுறை நாளாக இருந்ததால் வேறொரு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், 1,000 ரூபாய். கதவு லாக், வைப்பர் போன்றவற்றை இயக்குகிற பாடி கம்ப்யூட்டர் போய்விட்டது, 28,000 ஆகும் என்றார்கள். இந்தத் தடவை நான் சரி என்று சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். அவர் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைக் கையால் அழுத்தினார். தண்ணீர் ஊறி வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் வெளியேற ஓட்டை உண்டு. எங்கள் தெரு வேப்பமரத்து இலை முழுதும் அங்கே மக்கிச் சேறாகி அதை அடைத்திருந்தது. வழிந்த தண்ணீர் உள்ளே இறங்கி, ஒயர்கள் ஒன்றோடொன்று சேருகிற ஒரு கப்ளரை நனைத்திருக்கிறது. கப்ளரைக் கழற்றி, ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, கம்பளத்தை இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, 600 ரூபாயில் முடிந்தது. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை அந்தப் பள்ளத்தில் கை விட்டு இலையை எடுத்துவிடுங்கள். மழையே இல்லாமல் அந்த இடம் ஈரமாக இருந்தால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும்.

கம்பளத்தை அழுத்திப் பார்ப்பதை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வெள்ளம் வந்து எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்றால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியில் மண் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் குடித்த ஒயரிங் ஒரே நாளில் சாகாது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஒவ்வொரு கப்ளராகப் பச்சை பூக்கும்.

இப்போது வாங்கப் போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்து வைத்திருக்கிறேன். காலையில் வருகிறேன், நான் வரும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுவேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருந்தால் ஏற்கெனவே கிளப்பிவிட்டார்கள். மீட்டரைப் பேட்டரியில் வைத்தால் 12.4-க்கு மேல் இருக்க வேண்டும், 12.6 இருந்தால் ரொம்ப நல்லது. சாவியை இன்ஜின் கிளப்புவதற்கு முந்தைய கட்டம் (ON) வரை திருப்பும்போது எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிய வேண்டும், கிளப்பிய பிறகு எல்லாம் அணைய வேண்டும். எரியவே எரியாத ஏர்பேக் விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை விட மோசம். யாரோ அதை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். செல்ஃப் எடுக்கும்போது வோல்ட்டேஜ் 10-க்குக் கீழே விழக் கூடாது. ஓடவிட்டு ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டும் 13.5-க்குக் குறையக் கூடாது. டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து, டேப் சுற்றிய ஒயர்கள் தொங்குகின்றனவா என்று பார்ப்பேன். வெளியே பொருத்திய ஹாரன், பனி விளக்கு, பிளேயர் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று இன்ஜின் மேலும் ஒரு பார்வை.

மொத்தக் கணக்கு இது. பேட்டரி 5,400, டைனமோவும் கூலியும் 13,000, டோவிங் 4,000, ஸ்கேனர் 1,000. ஆக 23,400 ரூபாய், எதையும் தீர்க்காத பணம். உண்மையில் கோளாறைத் தீர்த்தது எர்த் ஒயர், பிளேயர் ஒயர், கப்ளர் மூன்றும் சேர்ந்து 1,750, அதற்கு மேல் எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டு வாங்கிய சோதனைக் கூலி 800. ஐந்து நாள் விடுப்பு தனி. அந்த 800 ரூபாயைக் கொடுக்கும்போது எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. அளந்து பார்க்கிறவருக்கு, ஒரு சாமானும் மாற்றாவிட்டாலும் கூலி கொடுங்கள். நாம் சாமானுக்கு மட்டும் பணம் கொடுப்பதால்தான் எல்லாரும் சாமானை மாற்றுகிறார்கள்.

இப்போது 350 ரூபாய் மீட்டர் ஒன்று அந்தப் பத்து நம்பர் ஸ்பேனர் கிடந்த டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. போன மாதம் ஒன்பது நாள் மஸ்கட் போயிருந்தோம். திரும்பி வந்த மறுநாள் காலை, கிளப்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து அளந்தேன். 12.5. அப்பா வாசலில் நின்றுகொண்டு "எவ்வளவும்மா?" என்று கேட்டார். எண்ணைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்பக்க வலது கண்ணாடி மட்டும் இன்னும் சில நேரம் பாதியில் நிற்கிறது. சுவிட்சா மோட்டாரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கதவுப் பலகையைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.